ஓர் உயிரெழுத்தில் இருக்கிறது மரியாதை

நேயர்களுக்கு வணக்கம்.

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் நான் தங்கியிருந்தபோது ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். என் பாட்டி வயது இருக்கும். கதவைத் திறந்து, "பாஸா" என்றேன். அங்கே பேசும் ஸ்பானிய மொழியில் 'உள்ளே வா' என்று பொருள். அவர் சிரித்துக்கொண்டே, "பாஸே" என்று திருத்தினார். கடைசி உயிரெழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அதற்குள் ஒரு பெரியவரை வா, போ என்று பேசியிருக்கிறேன்!

நம் மொழியில் மரியாதை கூடினால் சொல் நீளும்: பேசு, பேசுங்கள். ஸ்பானிய மொழியில் சொல் நீளாது, கடைசி உயிர் மட்டும் புரண்டு படுக்கும். ஒழுங்கான வினைச்சொற்கள் அங்கே ஆர், ஏர், ஈர் என மூன்று விதமாக முடியும். பேசுவதற்கு 'ஆப்லார்', சாப்பிடுவதற்கு 'கொமேர்', எழுதுவதற்கு 'எஸ்க்ரிபீர்'. நண்பனிடம் ஆப்லா, கோமே, எஸ்க்ரீபே. பெரியவரிடம் ஆப்லே, கோமா, எஸ்க்ரீபா. 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ', 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ'. பலரிடம் சொல்ல வேண்டுமா? மரியாதை வடிவத்தின் பின்னால் ஒரு 'ன்' போதும்: ஆப்லேன், கோமான், எஸ்க்ரீபான்.

ஏன் இப்படி? 'நீங்கள்' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'உஸ்தேத்', 'தங்கள் தயவு' என்ற பொருளுள்ள பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது. எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்துப் பேசுவது. நம் ஊரில் 'ஐயா உட்காரட்டும்' என்பார்களே, கிட்டத்தட்ட அந்தத் தோரணைதான். அதனால்தான் வினையும் 'பேசட்டும்' என்கிற வடிவத்துக்குப் போய்விடுகிறது.

ஸ்பெயினில் நண்பர்கள் பலரை ஏவ இன்னொரு வடிவம் உண்டு. அது சுலபம், கடைசி 'ர்' போய் 'த்' வரும்: ஆப்லாத், கொமேத். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் இதற்கு வேலையே இல்லை. அர்ஜென்டினாவிலோ அந்த 'த்'தும் உதிர்ந்து, அழுத்தம் மட்டும் கடைசியில் நின்றுவிட்டது. அங்கே நண்பனை, "பஸா" என்று பின்பாதியை அழுத்தி அழைப்பார்கள்.

சரி, கடைசியாக ஒரு சமையல் குறிப்பு. உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை. முன்பின் தெரியாத வாசகர் என்பதால் பல குறிப்புகளில் மரியாதை வடிவம்தான் இருக்கும். கிழங்கை 'பேலே', தோல் சீவுங்கள். 'கோர்த்தே', நறுக்குங்கள். முட்டையை 'பாத்தா', அடித்துக் கலக்குங்கள். முதல் இரண்டும் 'ஏ'யில் முடிய, மூன்றாவது மட்டும் 'ஆ'வில் முடிகிறது, கவனித்தீர்களா? அதன் மூலவினை 'பாத்தீர்'.