நாலாம் அட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது கனடாவின் விண்ட்சரில். ஆற்றங்கரைக்குப் போய் நின்றால் எதிர்க்கரையில் டெட்ரொயிட் நகரம் தெரியும். நடுவில் ஓடுவது நாட்டெல்லை. என்றாலும் எங்கள் ஊரில் பலருக்கு டெட்ரொயிட்டின் ஐஸ் ஹொக்கி அணியான ரெட் விங்ஸ் சொந்த அணி. 1996இல் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை வேலைக்கு நான் இங்கு வந்தேன். அடுத்த வருடமே அந்த அணி 42 வருடக் காத்திருப்புக்குப் பிறகு லீக்கின் சாம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. ஐஸ் ஹொக்கியின் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாத நான், வேலைத்தலத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து தொண்டை வரளக் கத்தினேன். பிறகு 1998, 2002, 2008 என்று மேலும் மூன்று கிண்ணங்கள். 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள், கிண்ணத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஓஃப் ஆட்டங்களுக்குப் போனார்கள். என் மகனுக்கு விவரம் தெரியும் வயது வந்தபோது அந்தக் காலம் முடிந்துவிட்டது.

2020 ஜூன் 26, வெள்ளிக்கிழமை இரவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஒவ்வொரு வருடமும் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதுதான் டிராஃப்ட். மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் தெரிவு என்பது பழைய வழக்கம். 1993இல் ஒட்டாவா அணி அந்த முதல் தெரிவுக்காக வேண்டுமென்றே தோற்றது என்று பேச்சு எழுந்தது; லீக் விசாரணையும் நடத்தியது. 1995இல் குலுக்கல் வந்தது. இயந்திரத்துக்குள் 1 முதல் 14 வரை இலக்கமிட்ட பந்துகள் சுழலும். நான்கு பந்துகள் மேலே வரும். 1,001 சேர்க்கைகள் சாத்தியம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுவார்கள். கடைசி இடத்து அணிக்குப் பெரிய பங்கு. ஆனால் பங்குதான், உறுதியில்லை.

அந்தப் பருவத்தில் டெட்ரொயிட் ஆடியது 71 ஆட்டங்கள். வென்றது 17. எடுத்த புள்ளிகள் 39. கொரோனா வந்து மார்ச் மாதத்தில் எல்லாம் நின்றபோது, 31 அணிகளில் அவர்கள் கடைசி. அந்த வருடத்து முதல் தெரிவு கியூபெக்கைச் சேர்ந்த அலெக்சி லஃப்ரெனியேர் என்ற பையன் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அவன் கிடைக்க 18.5 வீத வாய்ப்பு. எவருக்கும் அதைவிட அதிகம் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, அப்போது பதினைந்து வயதான என் மகன், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் “தோத்தது நல்லதுதான் அப்பா, லஃப்ரெனியேர் வருவான்” என்பான். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவனை மறுத்துப் பேசவும் என்னால் முடியவில்லை. ஒரு பிள்ளை வேறு எதைப் பிடித்துக்கொண்டு 54 தோல்விகளைக் கடப்பான்?

அன்றிரவு லீக்கின் துணை ஆணையர் பில் டேலி, எத்தனையாவது தெரிவு எந்த அணிக்கு என்று காட்டும் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நாலாம் இடத்து அட்டையில் எங்கள் அணியின் சின்னம், சிறகு பதித்த சக்கரம். மகன் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டான். ஒட்டாவா மூன்று, லொஸ் ஏஞ்சலிஸ் இரண்டு. முதல் இடம், இன்னும் பெயரே தெரியாத ஓர் அணிக்கு! பருவத்தைத் தொடர இருந்த 24 அணிகளில், தகுதிச் சுற்றில் தோற்கப்போகும் எட்டு அணிகளுக்கும் குலுக்கலில் இடம் கொடுத்திருந்தார்கள். ஓகஸ்ட் 10ஆம் திகதி அந்த எட்டுக்குள் இன்னொரு குலுக்கல். வென்றது நியூ யோர்க் ரேஞ்சர்ஸ், 79 புள்ளிகள் எடுத்த அணி. எங்களுடையதைப் போல இருமடங்குக்கும் மேல்.

எங்கள் பக்கம் எழுந்த கோபத்தை எப்படிச் சொல்ல? சதி என்றார்கள், பெரிய நகரங்களுக்கு லீக் பந்தம் பிடிக்கிறது என்றார்கள். பந்துகளை மூடிய அறையில் எடுத்துவிட்டுத் தொலைக்காட்சியில் அட்டையை மட்டும் காட்டிய காலம் அது. சந்தேகம் வளர அதுவே போதும். சதி என்று நான் நம்பவில்லை. கடைசி இடத்து அணி நாலாம் இடத்துக்கு விழும் வாய்ப்பு அந்த வருட விதிகளின்படி பாதிக்குச் சற்று மேல். நடக்கக்கூடியதுதான் நடந்தது. கணக்கு தெரிந்தும் எனக்கு வலித்தது.

2025இல் பந்துகளை நேரலையில் எடுத்துக் காட்டினார்கள். அது சரியான முடிவு. இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும். அந்த வருடம் வெறும் 3.5 வீத வாய்ப்போடு நியூ யோர்க் ஐலண்டர்ஸ் பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குப் போனது. எங்கோ ஒரு வீட்டில் கூச்சல். அந்தப் பருவத்தில் கடைசியான சான் ஹோசே பக்கத்தில் ஒரு பிள்ளை தன் அறைக்குப் போயிருக்கும்.

பஃபலோ இரசிகர்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 2015 மார்ச்சில், அந்த வருடத்து டிராஃப்டின் நட்சத்திரம் கொனர் மெக்டேவிட் மீதிருந்த ஆசையால், தங்கள் சொந்த அரங்கிலேயே அரிசோனா அணி அடித்த மேலதிக நேர கோலுக்கு அவர்களில் பலர் கை தட்டினார்கள். தங்கள் ஆட்டக்காரர்கள் தலைகுனிந்து வெளியேறும்போது! கடைசியில் பஃபலோவின் 20 வீதம் பலிக்கவில்லை, 11.5 வீதம் வைத்திருந்த எட்மன்டன் மெக்டேவிட்டைக் கொண்டுபோனது. அதற்கு முந்திய ஐந்து வருடங்களில் மூன்று முறை முதல் தெரிவைப் பெற்ற எட்மன்டன். இப்போது ஓர் அணி ஐந்து வருடங்களில் இரண்டு தடவைக்கு மேல் குலுக்கலில் வெல்ல முடியாது என்று விதி இருக்கிறது. நல்ல விதி. இருந்தும் அந்தக் கைதட்டலை நினைத்தால் என் நெஞ்சு கனக்கிறது. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. தோற்றால்தான் விடிவு என்று அவர்களைப் பழக்கியது யார்?

கீழே விழுந்ததும் நன்மையாக முடிவதுண்டு. 2017இல் 48 புள்ளிகளோடு கடைசியான கொலராடோவும் நாலாம் இடத்துக்கே விழுந்தது. அவர்கள் எடுத்தது கேல் மகார் என்ற தடுப்பாட்டக்காரரை. 2022இல் அவர்கள் கிண்ணம் வென்றபோது பிளேஓஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

எங்கள் நாலாம் தெரிவு சுவீடனின் லூக்காஸ் ரேமண்ட். தெரிவு செய்த பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன். இதை நான் மகனிடம் அன்றே சொன்னேன்: 1983இல் டெட்ரொயிட் விரும்பியது மிச்சிகனில் வளர்ந்த பட் லஃபொன்டேனை. அவரை மூன்றாவதாக ஐலண்டர்ஸ் எடுத்துக்கொண்டது. நாலாவதாக வேறு வழியில்லாமல் எடுத்த பையன்தான் ஐசர்மன். மூன்று கிண்ணங்களைத் தலைவனாக நின்று தூக்கியவர். மகன் கேட்டுக்கொண்டிருந்தான், பதில் சொல்லவில்லை. அந்த வயதில் அப்பாவின் ஆறுதல் எப்படிக் காதில் ஏறும்?

2023-24 பருவத்தில் ரேமண்ட் 31 கோல்கள்; கோலுக்கு உதவியதும் சேர்த்து 72 புள்ளிகள். அணியும் கடைசி இரவு வரை பிளேஓஃப் போட்டியில் நின்றது. மொன்றியலில் கடைசி ஆட்டம். முடிய மூன்று வினாடிகள் இருக்கும்போது சமன் செய்து, பிறகு வென்றும் விட்டார்கள். ஆனால் அதற்குள் பிலடெல்பியாவை வாஷிங்டன் வென்றிருந்தது. இரு அணிகளுக்கும் 91 புள்ளிகள்; வழமையான நேரத்துக்குள் கூடுதலாக வென்றதால் வாஷிங்டன் உள்ளே போனது.

மகன் அப்போது ரொறன்ரோவில் படித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் அழைத்தான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

“அப்பா, வெளியே போற நிலையிலயும் விடாமல் அவங்கள் சமன் செய்தவங்கள். நான் எழும்பி நிண்டு கத்தினனான்,” என்றான்.

நன்றி. வணக்கம்.