மணல் குவித்த கொட்டகையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சினிமா பார்க்கும் சுகம் நிறைவாகக் கிடைத்தது ஊர்க் கொட்டகையிலா, மால் திரையரங்கிலா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் குளிர்சாதனத்தையும் சாய்வு நாற்காலியையும் மட்டுமே புகழ்ந்துவிட்டு அமர்ந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூங்க இடம் தேடிப் போனவர் போலும்!

எங்களுக்கோ படமே ஊர் தேடி வந்தது. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கினார். வேலையை விட்டார், கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். பிறகு 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.

தரை டிக்கெட்டுக்காரனுக்கு இருக்கையே இல்லையே என்று நண்பர் இரக்கப்பட்டார். அவன் தன் இருக்கையைத் தானே கட்டிக்கொண்டவன் ஐயா! டூரிங் டாக்கீஸ் மணலைக் கூட்டிக் குவித்து, மேலே துண்டை விரித்து உட்கார்ந்தால் பெஞ்சு டிக்கெட் தோற்றுப்போகும். பின்னால் இருப்பவர் “மறைக்கிறது” என்பார். இவர் இரண்டு கை மணலைத் தள்ளிவிடுவார். வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கும் இருக்கை அன்றே இருந்தது, நடுவர் அவர்களே! ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். முறுக்குத் தட்டு உள்ளே வரும். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மணல் ஒட்டும், கட்டடம்தான் வேண்டும் என்பவர்கள் மதுரையைக் கேளுங்கள். 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. இன்றைய சின்ன அரங்கில் ஒருவர் கைதட்டினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பி முறைக்கிறார். அத்தனை பேர் ஒன்றாகக் கைதட்டினால் அடுத்த வசனம் காதில் விழுமா? அதைக் கேட்க மறுநாளும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்!

கீற்றுக் கொட்டகை தீப்பிடிக்கும் என்றும் நண்பர் சொன்னார். உண்மை. 1979இல் தூத்துக்குடி லட்சுமி டாக்கீஸ் எரிந்து பல உயிர்கள் போயின. அதை மறுக்கவும் மாட்டேன், அதை வைத்து வேடிக்கை பேசவும் மாட்டேன். ஆனால் அதற்கு மருந்து பத்திரமான கூரையும் அகலமான வாசலும். டிக்கெட்டைவிடப் பாப்கார்னுக்கு அதிக விலை வைத்தால் எந்தத் தீ அணையும்?

இதோ, மணி அடித்துவிட்டீர்கள். எங்கள் கொட்டகையில் மணி அடித்தால் படம் ஆரம்பிக்கும். இங்கே மணி அடித்தால் உட்காரச் சொல்கிறீர்கள். உட்காருகிறேன் நடுவர் அவர்களே, கொஞ்சம் மணல் மட்டும் கொடுங்கள்.