ஆபிரகாமின் வயது: விசுவாசமும் கிரியையும்

நேயர்களுக்கு வணக்கம். முதலில் இரண்டு வசனங்களை வாசித்துவிடுகிறேன். ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழட்டும்.

ரோமர் நிருபம், 3-ஆம் அதிகாரம், 28-ஆம் வசனம்: “ஆதலால், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று தீர்க்கிறோம்.” யாக்கோபு நிருபம், 2-ஆம் அதிகாரம், 24-ஆம் வசனம்: “ஆதலால், மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறானென்று நீங்கள் காண்கிறீர்களே.”

கேட்டீர்களா? கிரியை என்றால் செயல். நீதிமானாக்கப்படுவது என்றால் கடவுளுக்கு முன்பாக நீதியுள்ளவனாக ஏற்கப்படுவது. முதலாவது பவுல் எழுதியது, ‘கிரியைகளில்லாமல்’ என்கிறது. அடுத்தது யாக்கோபு எழுதியது, ‘கிரியைகளினாலேயும்’ என்கிறது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்திச் சண்டை போட்டவர்கள் உண்டு. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதன் பக்கமே திரும்பாதவர்கள் அதைவிட அதிகம்.

ஆனால் ஒரு விஷயம். இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளைத்தான்: இஸ்ரவேலரின் முற்பிதாவான ஆபிரகாமை. அதிலும் இருவரும் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தின் அதே 6-ஆம் வசனத்தை. “அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்.” ஒரே சாட்சி, ஒரே வாக்கியம், இரண்டு முடிவுகள். எப்படி?

இதற்கு ஆபிரகாமின் வயதைப் பார்க்க வேண்டும். பிரசங்கங்களில் அடிக்கடி விட்டுப்போகிற கணக்கு இது. காகிதமும் பென்சிலும் வேண்டாம், நான்கு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. மூத்த மகன் இஸ்மவேல் பிறந்தபோது 86. விருத்தசேதனம், அதாவது உடன்படிக்கையின் அடையாளமாக நுனித்தோலை நீக்கும் சடங்கு, பண்ணப்பட்டபோது 99. இளைய மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. இந்த நான்கையும் ஆதியாகமமே சொல்கிறது. வானத்து நட்சத்திரங்களை எண்ணச் சொல்லி, உன் சந்ததி இவ்வண்ணமாய் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கப்பட்ட இரவு 15-ஆம் அதிகாரத்தில் வருகிறது. இஸ்மவேல் பிறப்பது 16-இல். ஆகவே அந்த இரவில் அவருக்கு 86 நிறைந்திருக்கவில்லை. விருத்தசேதனம் வருவதோ 17-இல், 99 வயதில். இடையில் குறைந்தது 13 வருஷம்.

பவுல் பிடித்துக்கொள்வது இந்த 13 வருஷத்தைத்தான். ரோமர் 4-இல் அவர் கேட்பது நேரடியான கேள்வி: ஆபிரகாம் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா? முன்னால்தான். அப்படியானால் நீதிமானாக எண்ணப்படுவதற்கு விருத்தசேதனம் காரணமாக இருக்க முடியாது. பவுலின் வாதம் தேதியை வைத்துக் கட்டிய வாதம். அதை உணர்ச்சிப் பேச்சு என்று நினைத்துக் கேட்பவர்களுக்கு அதன் பலம் பிடிபடாது.

யாக்கோபு எங்கே போகிறார்? ஆதியாகமம் 22-க்கு. கடவுளின் கட்டளைப்படி ஆபிரகாம் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் வைக்கிற அதிகாரம். அங்கே ஈசாக்கு கைக்குழந்தை அல்ல. தகனபலிக்கான விறகைச் சுமக்கிறான், ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்கிறான். நட்சத்திர இரவிலிருந்து ஈசாக்கின் பிறப்புக்கே குறைந்தது 14 வருஷம் ஆகிவிட்டது. அதற்குமேல், அந்தப் பிள்ளை விறகு சுமக்கும் அளவுக்கு வளரப் பிடித்த காலம். இத்தனை வருஷம் கழித்து நடந்த ஒரு செயலைக் காட்டி யாக்கோபு சொல்கிறார்: 15-ஆம் அதிகாரத்து வேதவாக்கியம் இங்கே நிறைவேறிற்று, கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது.

திரும்பவும் சொல்கிறேன், வரிசை முக்கியம். பவுல் கேட்பது: கடவுள் ஒருவரை ஏற்றுக்கொள்வது எதை வைத்து? யாக்கோபு கேட்பது: விசுவாசம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அது உயிரோடு இருக்கிறதா? முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்குக் கொடுத்தாலும் தப்பு, இரண்டாவதன் பதிலை முதலாவதற்குக் கொடுத்தாலும் தப்பு.

யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதும் வேறு. பவுலுக்கு எதிரே நிற்பவர்கள், புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், விருத்தசேதனம் செய்துகொண்டால்தான் உள்ளே வரலாம் என்று சொன்னவர்கள். கலாத்தியர் 2-இல், அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். யாக்கோபுக்கு எதிரே நிற்பவரோ உடையும் உணவும் இல்லாத சகோதரனைப் பார்த்து, “சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர். சரியான உபதேசத்தை ஒப்புக்கொள்வது மட்டும் போதும் என்றால், பிசாசுகளும் அதைச் செய்கின்றன, விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு சொல்வது அவரைப் பார்த்துத்தான்.

இது நடைமுறையில் எங்கே பிசகுகிறது? கிரியையைக் கணக்கு வைப்பது ஒரு பிசகு. லூக்கா 18-இல் வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒன்று என்று ஒப்பிக்கிற பரிசேயனை நமக்குத் தெரியும். கிருபை இருக்கிறதே என்று கைகட்டி உட்காருவது இன்னொன்று. இந்த இரண்டைப் பற்றியும் எல்லாரும் எச்சரிக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

அதிகம் பேசப்படாத மூன்றாவது பிசகு ஒன்று இருக்கிறது. விசுவாசத்தையே ஒரு கிரியை ஆக்கிவிடுவது. ‘கிரியையால் அல்ல, விசுவாசத்தால்’ என்று கேட்டவர் உடனே தன் விசுவாசத்தை அளக்கத் தொடங்குகிறார். எனக்குப் போதுமான விசுவாசம் இருக்கிறதா? ஜெபத்தில் கண்ணீர் வரவில்லையே? நேற்று இருந்த உறுதி இன்று இல்லையே? பரிசேயன் உபவாசத்தை எண்ணினான், இவர் உணர்ச்சியை எண்ணுகிறார். எண்ணப்படும் பொருள்தான் மாறியிருக்கிறது. விசுவாசம் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது அல்ல, கிறிஸ்துவைப் பார்ப்பது. எபேசியர் 2-இல் பவுல் கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு என்று இரண்டையும் வைக்கிறார். இரட்சிக்கிறது கிருபை, அதைப் பெற்றுக்கொள்கிறது விசுவாசம். பலவீனமான கை நீட்டிப் பெற்றுக்கொண்டாலும் கொடுக்கப்பட்டது முழுசாகத்தான் இருக்கும். அதே பகுதியில், ஒரு வசனம் தள்ளி, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் எழுதுகிறார். 8, 9 வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் பலர் 10-ஆவதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அதன் முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை, மற்ற நிருபங்களோடு ஒப்பிட்டு, வைக்கோல் நிருபம் என்றார். இது பிரபலம். அதே புத்தகத்தில் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய முன்னுரை அவ்வளவு பிரபலம் இல்லை. அங்கே சொல்கிறார்: விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது, நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து கிரியையைப் பிரிக்க முடியாது. யாக்கோபு இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட்டார்?

லூத்தர் இறந்தது 1546-இல். அதற்குப் பிறகு அவர் பக்கத்து ஆட்களுக்குள்ளேயே ஒரு சண்டை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கியோர்க் மாயோர் என்ற விட்டன்பெர்க் பேராசிரியர், இரட்சிப்புக்கு நற்கிரியைகள் அவசியம் என்று எழுதினார். ஜனங்கள் ஒழுக்கத்தை விட்டுவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. லூத்தரின் நெருங்கிய நண்பரான நிக்கோலாஸ் ஃபோன் ஆம்ஸ்டோர்ஃபுக்கு இது பொறுக்கவில்லை. அவர் திருப்பி என்ன எழுதினார் தெரியுமா? நற்கிரியைகள் இரட்சிப்புக்குத் தீங்கானவை! கிரியைகளின்மேல் நம்பிக்கை வைத்தால் தீங்கு என்பதுதான் அவர் கருத்து. ஆனால் வாக்கியம் அப்படி நிற்கவில்லையே. ஏழைக்குச் சோறு போட்டால் ஆத்துமாவுக்கு ஆபத்து என்றுதானே கேட்பவர் காதில் விழும்? கடைசியில் 1577-இல் லூத்தரன் சபைகளின் இணக்க அறிக்கை இரண்டு வாக்கியங்களையும் தள்ளியது. நற்கிரியைகள் விசுவாசிக்குக் கட்டாயம் உண்டு, ஆனால் இரட்சிப்பு என்ற விஷயத்துக்குள் அவற்றை இழுக்கக் கூடாது என்று தீர்த்தது. சூடான விவாதத்தில் எதிராளியின் வாக்கியத்தை அப்படியே தலைகீழாக்கினால் உண்மை கிடைத்துவிடாது என்பதற்கு ஆம்ஸ்டோர்ஃபைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நேரத்தைப் பார்க்கச் சொல்லி எதிரே கை காட்டுகிறார்கள். கத்தோலிக்கப் பக்கத்தை அவசரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது நியாயமில்லைதான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று இந்தப் பொருளில் 16 அதிகாரங்களும் 33 விதிகளும் வெளியிட்டது. ‘விசுவாசத்தினால் மட்டும்’ என்பதை 9-ஆம் விதி கண்டித்தது எல்லாருக்கும் தெரியும். முதல் விதி எதைக் கண்டித்தது? கடவுளின் அருள் இல்லாமல் மனிதன் தன் சொந்தச் செயல்களாலேயே நீதிமானாகலாம் என்பதை. கத்தோலிக்கர் கிரியையால் இரட்சிப்பு என்று போதிக்கிறார்கள் என்று சொல்பவர்கள் அந்த முதல் விதியைப் படிக்க வேண்டும்.

450 வருஷம் தாண்டி, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கிருபையினால் மட்டும், நம் பக்கத்துத் தகுதி எதனாலும் அல்லாமல், நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். பரிசுத்த ஆவியானவர் நம்மை நற்கிரியைகளுக்கு ஆயத்தப்படுத்துகிறார் என்பது அதன் மையம். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதனோடு சேர்ந்தன. நற்செயலுக்குக் கடவுள் தரும் பலனைப் ‘புண்ணியம்’ என்று சொல்லலாமா என்பதில் இரு தரப்பின் பேச்சு வழக்கும் இன்னும் வேறுபடுகிறது. பிரகடனமே அந்த வேறுபாட்டை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இந்த வழக்குக்குள்ளேயே வராமல் வேறு பாதையில் யோசித்தவை, அதற்கு இன்று இடமில்லை. ஆதியாகமம் 15, 17, 22, பிறகு ரோமர் 4, யாக்கோபு 2 என்ற வரிசையில் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. வணக்கம்.