எழுதும் கையும் அடுத்தவர் வாசலும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் எழுதுகிறவருக்குச் சுதந்திரம் எவ்வளவு, நாகரிகம் எதுவரை என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். மும்பையில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவர், பக்கத்து ஊரான பால்கரில் நடந்ததைத் தொடாமல் போக முடியாது.

2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை கடையடைத்துக் கிடந்தது. ஊர் எதற்கு இப்படி முடங்க வேண்டும் என்று பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் எழுதினார். அவருடைய தோழி லைக் போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய ஆஸ்பத்திரியை ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். ஆனால் அந்த வாரம் எத்தனை பேர் தாங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்திருப்பார்கள்!

அப்போது போலீசுக்குக் கைகொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. புண்படுத்துவது, எரிச்சலூட்டுவது, இடைஞ்சல் தருவது என்று வழவழவென்று வார்த்தைகளைப் போட்டு, மூன்றாண்டு வரை சிறை என்றது. எரிச்சலாம்! காலை எட்டரை மணிக்கு தாதர் ஸ்டேஷனில் எரிச்சல்படாத ஆள் உண்டா? டெல்லியைச் சேர்ந்த ஷ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

ஆக, கருத்துச் சொல்ல நமக்கு இடம் தாராளமாகவே இருக்கிறது. என் குறை என்னவென்றால், நாம் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். கருத்தைச் சொல்லத்தான் நடுங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கதையை எழுதக் கை கொஞ்சமும் கூசுவதில்லை.

தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் திருநெல்வேலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். வீடு ஒரே அறை. பாதிக் குடும்பம் வாசற்படியில்தான் நடக்கும். நைட்டியோடு ஓர் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதும். அந்த வழியே போகிற அண்டை வீட்டார் கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிற நம் படித்த தம்பி மட்டும் நேராக அந்த வாசலையே படம் பிடித்து, ‘உழைக்கும் மக்களின் எளிய வாழ்க்கை’ என்று தலைப்பு வைத்துப் போடுகிறார். கேட்டால், ‘தெருதானே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்பார். சட்டப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

‘உண்மையைத்தானே எழுதினேன்’ என்பது இன்னொரு சாக்கு. அவதூறு பற்றிய நம் குற்றவியல் சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் பெயரைக் கெடுக்கிற சங்கதி உண்மையாக இருந்தால் மட்டும் தப்பிக்க முடியாது. பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். மாடி வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனது உண்மையே ஆனாலும், அதில் யாருக்கு என்ன நன்மை?

சொந்த வீட்டு விஷயம் இதைவிடச் சிக்கல். அப்பாவின் மறதி நோயைப் பற்றி மகன் உருகி எழுதுகிறார், படிக்கிறவர்கள் அழுகிறார்கள். அப்பா நினைவோடு இருந்திருந்தால் சரி என்றிருப்பாரா? 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். குடும்பத்துக்குள் அது எப்படிச் செல்லும் என்று நாம்தான் யோசித்து நடக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போட்டால் பெயரைப் போடுங்கள். இதை விளக்க வேண்டியதில்லை. புனைபெயரில் எழுதும் ஒரு பெண்ணின் முகமூடியைக் கிழிக்கிறேன் என்று கிளம்புவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. அவர் வேலையும் வீடும் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் பத்திரமாக இருக்கின்றன.

இந்தக் கூச்சமெல்லாம் திருப்பிப் பேச மேடை இல்லாதவர்களுக்காக. ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டு, மழை வந்தும் மூடாமல் போன கான்ட்ராக்டரைப் பற்றி எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். படம், தேதி, தெருப்பெயர் எல்லாம் போட்டே எழுதுங்கள்.

வணக்கம்.