சைக்கிள், மின்விசிறி, முடிந்தால் ஒரு ரேடியோ

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

1960களின் தொடக்கத்தில், இந்தியாவில் ஒரு தொழிலாளியிடம், உங்கள் வாழ்க்கை நன்றாக அமைய என்னென்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவருக்கு வயது 40. தொழில் தெரிந்தவர். மாத வருமானம் 30 டாலர், அதாவது அன்றைய கணக்கில் 140 ரூபாய் சொச்சம். இனிமேல் நோய் நொடி வரக்கூடாது, இப்போது இருமிக்கொண்டிருக்கிறேன் என்றார் அவர். ஒரு சைக்கிள் வாங்க வேண்டும். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், படிக்கவைக்க என்னால் முடிய வேண்டும். பிறகு எப்போதாவது ஒரு மின்விசிறி. முடிந்தால் ஒரு ரேடியோ.

வருமானமும் மகிழ்ச்சியும் பற்றி வானொலியில் பேச வேண்டும் என்று கூப்பிட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இவர்தான்.

இந்தக் கேள்வியைப் பல நாடுகளில் கேட்கவைத்தவர் ஹேட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க ஆய்வாளர். கூடவே ஓர் ஏணியைக் காட்டுவார்கள். உச்சிப்படி 10, அது நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. அடியில் 0, மிக மோசமான வாழ்க்கை. இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அமெரிக்கர்கள் சொன்னதன் சராசரி 6.6. நம் நாட்டின் சராசரி 3.7.

இப்படிப்பட்ட பதில்களை ஒரு பொருளியல் அறிஞர் எடுத்துப் படிக்க உட்கார்ந்ததே அன்றைக்குப் புதுமைதான். ஒருவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்தால் போதும், அவர் வாயைத் திறந்து சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் துறையின் வழக்கம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஈஸ்டர்லின் அந்த வழக்கத்தை மீறினார். 1946 முதல் 1970 வரை 19 நாடுகளில் நடந்த 30 கருத்துக்கணிப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து, 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஒரே நாட்டுக்குள் வசதியுள்ளவர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அதில் தெளிவாகச் சொல்கிறார். 1970 டிசம்பரில் அமெரிக்காவில், ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்களில் நூற்றுக்கு 56 பேர் மிகவும் மகிழ்ச்சி என்றார்கள். 3,000 டாலருக்குக் கீழே இருந்தவர்களில் 29 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணத்தால் சந்தோஷம் வராது என்று ஈஸ்டர்லினே நிரூபித்துவிட்டார் என மேடையில் பேசுகிறார்கள். கூலி உயர்வு கேட்டு வந்தவர்களிடமே ஒருவர் அப்படிப் பேசியதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். மனம் கொதித்தது. ஈஸ்டர்லின் அப்படி எழுதவே இல்லை.

அவரைத் திகைக்கவைத்தது வேறு. நாடு முழுவதற்கும் வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறினாலும், மகிழ்ச்சி கூடவே ஏறக் காணோம். பின்னாளில் ஜப்பானையும் பார்த்தார். 1958க்கும் 1987க்கும் இடையில் அங்கே தலைக்கு வருமானம் ஐந்து மடங்கானது. வீட்டுக்கு வீடு சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, கார் எல்லாம் வந்தன. வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் பதில் நின்ற இடத்திலேயே நின்றது.

ஏன் அப்படி? எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு முதல் ரேடியோ அப்பா வாங்கியதுதான். வால்வு ரேடியோ. சுவிட்சைப் போட்டால் சூடேறிப் பாடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அப்போதெல்லாம் ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. சாயங்காலம் எங்கள் திண்ணையில் இடம் இருக்காது. அப்பா முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்! இரண்டு வருஷம் கழித்து மூன்றாவது வீட்டில் பெரிய ரேடியோ வந்தது. ஸ்டேஷன் சரியாகப் பிடித்தால் பச்சை விளக்கு கண் மூடுவதுபோல ஒன்றுசேரும். மறுநாள் அப்பா எங்கள் ரேடியோவின் தலையில் தட்டி, "என்ன இது, ஒரே கரகரப்பு" என்றார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பாடுச்சு?" என்றார் அம்மா.

ரேடியோ மாறவில்லை. அளவுகோல் மாறிவிட்டது. ஈஸ்டர்லின் சொன்ன காரணமும் இதுதான். நம் வருமானத்தை நாம் பக்கத்து வீட்டோடு வைத்து அளக்கிறோம். எல்லோருக்கும் ஒன்றாக ஏறும்போது அளவுகோலும் சேர்ந்து ஏறிவிடுகிறது.

2001இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஒரே காலத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் நெடுகத் தொடர்ந்து பார்த்தால், வேலைக் காலத்தில் வருமானம் ஏறுகிறது, மகிழ்ச்சி ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர்களையே கேட்டால், ஐந்து வருஷத்துக்கு முன்பு மகிழ்ச்சி இதைவிடக் குறைவாக இருந்தது, இன்னும் ஐந்து வருஷத்தில் இதைவிடக் கூடும் என்கிறார்கள். இன்றைய ஆசையை வைத்துக்கொண்டு அன்றைய கைக்காசைப் பார்க்கிறோம். அன்றைக்கு ஆசையும் சின்னதாக இருந்தது மறந்துபோகிறது. வரப்போகிற சம்பளத்தை நினைக்கிறோம், அதோடு வளரப்போகிற ஆசையை நினைப்பதில்லை.

அவரை மறுத்தவர்களும் உண்டு. 2008இல் பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள், பணக்கார நாடுகள் தெளிவாகவே கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கின்றன என்று புதிய புள்ளிவிவரங்களோடு வாதிட்டார்கள். உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் பொருளியல் அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல், அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 75,000 டாலருக்கு மேல் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்றார்கள். 2021இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அந்த எல்லைக்கு மேலும் உயர்கிறது என்று காட்டினார். 2023இல் கானமனும் அவரும் சேர்ந்தே உட்கார்ந்து ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு உயர்ந்துகொண்டே போவதும், மிகவும் மனம் வாடியிருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்குமேல் நின்றுவிடுவதும் தெரிந்தது. ஈஸ்டர்லினும் விடவில்லை. ஒன்றிரண்டு வருஷ ஏற்ற இறக்கத்தில் வருமானமும் மகிழ்ச்சியும் சேர்ந்து ஆடும், பத்து வருஷத்துக்கு மேல் பாருங்கள் என்று பதில் எழுதிக்கொண்டே இருந்தார். 2024 டிசம்பரில், 98ஆவது வயதில் காலமானார்.

என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது. அதற்குக் காரணம் சீனா. 1990 முதல் 20 ஆண்டுகளில் அங்கே வருமானம் நான்கு மடங்குக்கு ஏறியது. மக்களின் மனநிறைவோ முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் இறங்கியது, பிறகுதான் மெல்ல மீண்டது. அடிமட்டத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய அடி. முன்பு அரசு ஆலையில் வேலை என்றால் வீடு, வைத்தியம், ஓய்வூதியம் எல்லாம் அதோடு வந்துவிடும். இரும்புச் சோற்றுக் கிண்ணம் என்று சொல்வார்கள், உடையாது என்ற நம்பிக்கையில். அது உடைந்தது. கோடிக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

கார், வீடு இவற்றுக்கு மனம் சீக்கிரம் பழகிவிடுகிறது. உடம்புக்கு வரும் நோய்க்கும் குடும்பத்தில் ஏற்படும் இழப்புக்கும் அப்படி முழுதாகப் பழகுவதில்லை என்று ஈஸ்டர்லின் 2003இல் எழுதினார். அதனால் வேலைக்குப் பாதுகாப்பு, எல்லோருக்கும் மருத்துவம், பிள்ளைகளோடு இருக்க நேரம் ஆகியவற்றை அரசு பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதைப் படித்தபோது அந்தத் தொழிலாளியின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ரேடியோவைக் கடைசியில் வைத்திருந்தார், அதுவும் முடிந்தால் என்று. முதலில் சொன்னது இருமலை.

வணக்கம்.