எட்டில் ஒரு பங்கு

வணக்கம் நேயர்களே.

‘மக்களாட்சியும் நாமும்’ என்று தலைப்பைக் கொடுத்துப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்பு பெரியது. நானோ இங்கே சிங்கப்பூரில் முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் பேசியதைத் தமிழில் சொல்லியே பழகிய வாய் இது. அதனால் தத்துவத்தை விட்டுவிட்டு, என் அக்கா மகன் தேர்தலில் நின்ற கதையைச் சொல்கிறேன்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பக்கத்தில், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில். அவள் மகன் அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறான். 2022 பிப்ரவரி மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், தொலைபேசியில் கூப்பிட்டான்.

“மாமா, நான் சட்டமன்றத்துக்கு நிக்கிறேன்.”

“எந்தக் கட்சியில?”

“கட்சி இல்ல மாமா. தனியா.”

நான் கேட்ட அடுத்த கேள்வி, “அம்மாவுக்குத் தெரியுமா?” தெரியாது என்றான். அப்படியென்றால் அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைக்க வேண்டியவன் நான். தேர்தல் பணியில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அதுதான்.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மாநிலச் சட்டமன்றம் என்பது கொஞ்சம் அந்நியமான பேச்சு. நமக்கு நாடாளுமன்றம் மட்டும்தான். ஆனால் 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை நாமும் மலேசியாவில் ஒரு மாநிலமாக இருந்தோம். மலேசியா உருவான ஐந்தாம் நாளே, செப்டம்பர் 21 அன்று, இங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. என் அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து, அழுக்குச் சட்டையோடு போய் வரிசையில் நின்றதாகச் சொல்வார். யாருக்குப் போட்டார் என்று மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

சரி, ஜோகூருக்கு வருகிறேன். அங்கே சட்டமன்றத்தில் 56 இடங்கள். அந்த முறை 239 பேர் போட்டியிட்டார்கள். ஓர் இடத்துக்கு நாலு பேருக்கு மேல். அந்தக் கூட்டத்தில் ஒருவன் நம் பையன். மாநிலத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி. கொடி, பதாகைகளைத் தேர்தல் முடிந்ததும் தானே அகற்றிவிடுவேன் என்பதற்கு ஈடாக இன்னொரு 3,000. அந்த ஊரிலும் பணத்துக்கு வெள்ளி என்றுதான் பெயர், நம் ஊரிலும் வெள்ளிதான். அவன் எட்டாயிரம் என்றதும் நம் வெள்ளியில் கணக்குப் போட்டுக் கொஞ்சம் பதறிவிட்டேன். நம் ஊரில் வைப்புத்தொகையே 13,500 வெள்ளி, அது வேறு விஷயம். பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்காவது வாங்கினால்தான் பணம் திரும்பும் என்ற விதி இரண்டு பக்கமும் ஒன்று. வெள்ளைக்காரன் விட்டுப்போன கணக்கு. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு கேட்கிறார்கள். ‘டெபாசிட் காலி’ என்ற சொல் அங்கிருந்துதான் நமக்குக் கப்பலேறி வந்தது.

வேட்புமனுத் தாக்கல் பிப்ரவரி 26, சனிக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து பத்து மணிக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். கட்சிக்காரர்களுக்கு மேளம், கொடி, ஆள் எல்லாம் உண்டு. இவனுக்கு முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், அப்புறம் வேனில் வழக்கமாக முன்சீட்டில் உட்காரும் ஒரு மாணவனின் அப்பா. கட்சிக்காரர்கள் நோட்டீசை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். தனியாக நிற்பவன் சின்னம் கையில் வரும்வரை எதையும் அச்சடிக்க முடியாது. இவனுக்குச் சாவிச் சின்னம் கிடைத்தது. மத்தியானம் மூன்று மணிக்கு நோட்டீசின் படம் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும் மாமா, தமிழ்ப் பக்கத்தை ஒரு பார்வை பாருங்க என்றான்.

பார்த்தேன். ‘இலவச வேட்பாளர்’ என்று போட்டிருந்தது.

கணினியில் மொழிபெயர்த்திருக்கிறான். மலாயில் சுயேச்சை வேட்பாளருக்கு ‘சாலோன் பேபாஸ்’ என்று பெயர். பேபாஸ் என்றால் கட்டில்லாதது. அது சுற்றிச் சுற்றித் தமிழுக்கு வருவதற்குள் காசில்லாமல் கிடைக்கிற சரக்காகிவிட்டது. அதற்குக் கீழே சாவிப் படம். படத்துக்குக் கீழே ‘பூட்டுக்கு வாக்களியுங்கள்’. மலாயில் ‘குன்சி’ என்றால் சாவியும் அதுதான், பூட்டும் அதுதான். இயந்திரம் பூட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. சிரித்தேன், பிறகு வயிற்றைக் கலக்கியது. நம் ஊரிலும் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்து எத்தனை முறை கொதித்திருப்போம்! அங்கெல்லாம் தப்பு செய்தவன் யாரோ. இங்கே என் அக்கா மகன்.

உட்கார்ந்து முழுவதையும் எழுதிக்கொடுத்தேன். ‘சுயேச்சை வேட்பாளர்’ என்று திருத்தினேன். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். “மாமா, சுயேச்சைன்னா என்னன்னு மூணு பேர் கேட்டாங்க. மூணு பேரும் தமிழ்ப் பள்ளியில படிச்சவங்க.” எனக்கு அது கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்கப்போவதில்லை. ‘எந்தக் கட்சியும் சாராதவர்’ என்று எழுதியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வந்திருக்காது. அலுவலகத் தமிழ் கையில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது.

நோட்டீசில் நான் அடித்த இன்னொரு வரியும் உண்டு. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்ப்பேன் என்று எழுதியிருந்தான். தம்பி, கல்வி மத்திய அரசின் கையில் இருக்கிறது, சட்டமன்ற உறுப்பினர் அதில் என்ன செய்வார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நிலம் மாநிலத்தின் அதிகாரம். பள்ளிக்கு நிலம், கோயில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா, வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயைப் பார்த்துக்கொள்ளும் நகராண்மைக் கழகம், இவையெல்லாம் மாநிலத்தின் கீழ் வருபவை. அதைக் கேள் என்றேன். முதல்முறை நிற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். மனசில் இருப்பதையெல்லாம் வாக்குறுதியாக்கிவிடுவார்கள். எதிரே நிற்கும் பழைய ஆள், “அது என் வேலையே இல்லையே தம்பி” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

மொழி இன்னொரு மலை. அவன் தொகுதியில் தமிழர் சிறுபான்மை. மலாய் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாண்டரின் தெரியாது. வேனில் வரும் சீனப் பிள்ளைகளிடம் நாலு வரி கற்றுக்கொண்டு சந்தையில் போய்ச் சொன்னான். மீன் விற்கும் அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவனுக்கே திருத்திச் சொல்லிக்கொடுத்தாராம். நான் அவனைத் தேற்றினேன். பின்னாளில் நம் பிரதமரான லீ குவான் இயூ 1955-இல் தஞ்சோங் பகாரில் முதன்முறை நின்றபோது அவருக்கே அந்தக் கஷ்டம் இருந்தது. எதிர்த்து நின்றவர், சீன மொழியில் விவாதத்துக்கு வா என்று சவால் விட்டார். இவருக்கோ அப்போது மாண்டரின் மேடைப்பேச்சு வராது. யாரோ எழுதிக்கொடுத்த சில வரிகளை மணிக்கணக்கில் மனப்பாடம் செய்து பேசினார். ஜெயித்தார் என்பதும் உண்மைதான். “அவர் ஜெயிச்சாரு மாமா” என்றான், அந்த ‘அவர்’ மேல் ஓர் அழுத்தம் வைத்து.

இனி நம் பக்கத்து விஷயம். அந்தத் தொகுதியின் இளைஞர்கள் எங்கே இருந்தார்கள்? பாதிப் பேர் இங்கே இருந்தார்கள். உட்லண்ட்ஸில், ஈசூனில், ஓர் அறைக்கு நாலு பேராக. ஜோகூரையும் நம்மையும் இணைக்கும் கடற்பாலம் கொரோனாவால் 2020 மார்ச் 18 முதல் பூட்டிக் கிடந்தது. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து வேலை பார்த்தவர்கள், வருடக்கணக்கில் வீட்டுக்குப் போகவே இல்லை. 2021 நவம்பர் கடைசியில் தடுப்பூசி போட்டோருக்கான பயணத் தடம் திறந்தது. அதுவும் பேருந்து மட்டும், முன்பதிவுச் சீட்டு கிடைத்தால் மட்டும். மோட்டார் சைக்கிளுக்கு வழியில்லை.

உட்லண்ட்ஸ் காப்பிக் கடை ஒன்றில் எனக்குப் பழக்கமான இரண்டு பையன்களைப் பார்த்தேன். ஒருவன் கப்பல் பட்டறையில் வெல்டர், இன்னொருவன் கிடங்கில் வேலை. வேற்று நாட்டு அரசியலை இங்கே பிரசாரம் செய்யக் கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் யாருக்குப் போடு என்று வாய் திறக்கவில்லை. போறீங்களா என்று மட்டும் கேட்டேன். வெல்டர் சிரித்தான். “அங்கிள், அம்மாவைப் பார்க்கவே டிக்கெட் கிடைக்கல. ஓட்டுப் போடவா கிடைக்கும்?” தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டாயா என்றேன். இல்லை என்றான். மற்றவன் முதல்முறை வாக்காளன். ஓட்டு வயதை 18 ஆக்கி, எல்லாரையும் தானாகவே பட்டியலில் சேர்க்கும் முறை 2021 டிசம்பர் 15-இல்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. தன் பெயர் பட்டியலில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஜோகூர் வாக்காளர் பட்டியல் சுமார் 26 லட்சத்துக்கு வளர்ந்தது இப்படித்தான். பட்டியலில் பெயர் இருக்கும், அடையாள அட்டையில் உள்ள முகவரி இருக்கும். அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் பாட்டி வந்து, பேரன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்பார்.

வாக்களிப்பு மார்ச் 12. கடற்பாலம் முழுசாகத் திறந்தது ஏப்ரல் 1. இருபது நாள் வித்தியாசம். நானும் போக முடியவில்லை.

அவன் குரல் உண்மையாகவே உடைந்த நாள், தோற்ற நாளல்ல. அதற்கு மூன்று நாள் முன்னால். அந்த ஊரில் ஓட்டுப்பெட்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணுவதில்லை. பள்ளிக்கூட வகுப்பறைகளில் ஓட்டுப் போடுகிறார்கள், அதே வகுப்பறையில் எண்ணுகிறார்கள். ஒவ்வோர் அறையையும் ‘சாலூரான்’ என்பார்கள். அறைக்கு ஒரு முகவர் வேட்பாளர் சார்பில் காலையிலிருந்து உட்கார வேண்டும். எண்ணி முடித்ததும் ‘போராங் 14’ என்ற தாளில் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு தொகுதியில் எத்தனை பள்ளி, ஒரு பள்ளியில் எத்தனை அறை! மேடையில் கைதட்டியவர்கள் இருந்தார்கள். படம் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் மரநாற்காலியில் உட்கார ஆள் இல்லை. செலவு உச்சவரம்பு ஒரு லட்சம் வெள்ளி என்று சட்டம் சொல்கிறது. இவன் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஆனால் ஆள் பஞ்சத்துக்குக் காசு மருந்தாகியிருக்குமா என்பது சந்தேகம்தான். தேர்தல் என்பது உட்கார்ந்திருக்கும் வேலை என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது, எனக்கும்தான்.

கடைசியில் அக்கா தன் கோயில் மகளிர் குழுவைக் கூட்டிவந்தாள். எட்டுப் பெண்கள். எல்லா அறைக்கும் அது போதவில்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். மாநிலம் முழுக்க சுமார் 55 விழுக்காட்டினர்தான் ஓட்டுப் போட்டார்கள். பாரிசான் நேஷனல் கூட்டணி 40 இடங்களில் வென்றது. நம் பையனுக்கு எட்டில் ஒரு பங்கு வரவில்லை. நான் அக்காவுக்கு ஆறுதல் சொன்னேன். தேவன் நாயர் 1955-இல் ஃபேரர் பார்க்கில் முதன்முறை நின்று தோற்றார், மக்கள் செயல் கட்சி நிறுத்திய நாலு பேரில் தோற்றவர் அவர் ஒருவர்தான், பிறகு 1964-இல் கோலாலம்பூர் பங்சாரில் வென்றார், 1981-இல் நமக்கு அதிபராகவே ஆனார் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். மலாயில் ஓட்டுக்கு ‘உண்டி’ என்று பெயர். “உண்டியில போட்ட காசு திரும்பி வருமாடா?” என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள்.

ஏப்ரலில் பாலம் திறந்த இரண்டாவது வாரம் போனேன். பையன் கூடத்தில் ஒரு பள்ளிக் கணக்கு நோட்டில் போராங் 14 எண்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். வயதுவாரியாகத்தான் அறைகளைப் பிரிக்கிறார்கள். முதல் சாலூரானில் முதியவர்கள், கடைசியில் இளைஞர்கள். இவன் பிரசாரம் செய்தது இளைஞர்களிடம். டிக்டாக்கில் ஆடாத குறை. ஓட்டு விழுந்திருந்ததோ முதல் சாலூரானில். கடைசி அறைகளில் ஒற்றை இலக்கம்.

என் தமிழைப் படித்துவிட்டுத்தான் பெரியவர்கள் போட்டார்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். அக்கா விடவில்லை. 2021-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, வேன் சும்மாதானே நிற்கிறது என்று, இவன் வட்டாரத்துக் கிழவர் கிழவிகளை ஏற்றிக்கொண்டு தடுப்பூசி மையத்துக்கும் வீட்டுக்கும் ஓடியிருக்கிறான். காசு வாங்கவில்லை. அதை நோட்டீசில் ஒரு வரி எழுதவில்லை. ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் போய் நோட்டீசுல போடுவாங்களா மாமா?”

வாசலில் சாவிக் கொடிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. பதாகைகளை 14 நாளுக்குள் அகற்றினால்தான் அந்த 3,000 வெள்ளி திரும்பும். இவனே பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி, விளக்குக் கம்பம் கம்பமாக ஏறி, ஒன்றுவிடாமல் அவிழ்த்திருக்கிறான். கொடித் துணியை மடித்து வைத்து அதன்மேல் அக்கா மிளகாய் காயப் போட்டிருந்தாள். ஏணியை எப்போது திருப்பிக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டதற்கு, கொடுக்கணும் மாமா என்றான். போன தீபாவளிக்குப் போனபோதும் அது அங்கேயே சாய்ந்து நின்றது.

வணக்கம்.