கை ஊன்றாமல் எழுந்திருங்கள்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் டவுன் வீடுகளிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்குச் சிறப்பு வணக்கம். வயதான காலத்தில் சந்தோஷமாக இருப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் தொடைத் தசையிலிருந்து தொடங்குகிறேன். கோயிலுக்குப் போவது, கடைத்தெருவில் நாலு பேரைப் பார்ப்பது, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது எல்லாம் அந்தத் தசையை நம்பித்தான் நடக்கின்றன. அது தளர்ந்தால் வெளியே போவது குறையும். வெளியே போவது குறைந்தால் முகம் வாடும்.

உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை எடுங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். டைல்ஸ் தரையில் அதன் கால் விரிந்து வழுக்கும். எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள், நெஞ்சுவலி உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மற்றவர்கள் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக நிமிர்ந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவை கை ஊன்றினாலும் கணக்கு பூஜ்யம்.

65 முதல் 69 வயதுவரை ஆண்களுக்கு 12-க்கும் பெண்களுக்கு 11-க்கும் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று பொருள். 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. எண்ணிக்கை குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். எண்பது வயதுத் தசையும் பயிற்சிக்கு இணங்கும்.

இன்னொரு அளவும் உண்டு. தையல் டேப்பை எடுத்து, உட்கார்ந்தபடி கெண்டைக்காலில் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கக்கூடும். அடுத்த முறை கிளினிக்கில் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப முடியாது. நீர் கோத்த காலும் பருமனாகத்தான் தெரியும்.

"ரப்பர் மரம் சீவிய உடம்பு, எனக்கென்ன?" என்று பல பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். விடியும் முன்னே பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு நிரை நிரையாக நடை, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்தல், பால் வாளியைச் சுமத்தல். அந்த வேலையே பயிற்சியாக இருந்தது. ஆனால் தசை இபிஎஃப் சேமநிதிப் பணம் மாதிரி இல்லை; அன்று போட்டதை ஐம்பத்தைந்து வயதில் எடுக்க முடியாது. வேலை நின்று, நாள் முழுக்க தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் கரையத் தொடங்கிவிடும்.

பயிற்சிக்கும் அதே நாற்காலி போதும். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். இரண்டு பாதத்தையும் இடுப்பளவு அகலத்தில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழுங்கள். எழ முடியாதவர்களில் பலருக்கு இந்தச் சாய்வு போதாததும் ஒரு காரணம். உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டே எழப் பார்த்து மறுபடி விழுந்து உட்காருகிறார்கள். உட்காரும்போது மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தசைக்கு நல்ல வேலை அந்த இறக்கத்தில்தான் கிடைக்கிறது. தொப்பென்று உட்கார்ந்தால் அது வீண், முதுகெலும்புக்கும் அடி. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியேறும்.

5 முறை, 2 நிமிட ஓய்வு, மறுபடி 5 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 3 நாள். முடியாதவர்கள் கெட்டித் தலையணை ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். எண்ணிக்கையை மெல்லக் கூட்டி 12 முறை சுலபமாக வந்துவிட்டால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். மறுநாள் தொடை கடுத்தால் பயமில்லை. மூட்டுக்குள் குத்துகிற வலியோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடும் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் தேத்தண்ணியும் நாலு கிரீம் கிரேக்கரும் சாப்பிட்டுப் பசியாறியாச்சு என்றால் அதில் 5 கிராம் தேறினாலே அதிகம். 2 முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். 100 கிராம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் சதையில் சுமார் 20, அதே எடை தெம்பே என்ற புளிக்கவைத்த சோயாவிலும் ஏறக்குறைய அவ்வளவே. கெட்டியான பருப்பு ஒரு கப்பில் 12 முதல் 15. சாம்பார்த் தண்ணீரை மட்டும் சோற்றில் ஊற்றிவிட்டுப் பருப்பு சாப்பிட்டேன் என்று சொல்லாதீர்கள். அடியைக் கிண்டி அள்ளுங்கள். பல்செட் ஆடுவதால் மீனையும் கடலையையும் ஒதுக்குகிறவர்கள் முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்பது கட்டாயம்.

அடுத்தது, இரவு ஒன்றுக்குப் போக எழும் நேரம். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது சில விநாடி குறையும். கண் இருட்டும். அதனால் முதலில் கட்டில் ஓரத்தில் 1 நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழுமாக 20 முறை ஆட்டி, எழுந்து ஒரு பிடியில் நின்று, பிறகு நடங்கள். வீட்டில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் 5 நிமிடம் படுத்திருந்து ஒருமுறை அளந்துவிட்டு, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குளோர்பெனிரமின் உள்ள சளி மாத்திரை மயக்கத்தைக் கூட்டும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைக்கவும் செய்யும். மருந்துக் கடையில் வாங்குமுன் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய தோட்டத்து வீடுகளில் குளியலறை சமையற்கட்டுக்குப் பின்னால், ஒரு படி கீழே இருக்கும். அந்தப் படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் சாயம் அடியுங்கள், இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரியட்டும். துண்டு போடும் கம்பி ஆளைத் தாங்காது; சுவரில் திருகி முடுக்கிய கைப்பிடிதான் தாங்கும். அடி தேய்ந்த சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள். கைலி தரையில் இழுபடாமல் உயர்த்திக் கட்டுங்கள்.

அப்படியும் விழுந்துவிட்டால் பதறி எழக் கூடாது. இடுப்பு வலிக்கிறதா, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள், 999-ஐ அழையுங்கள். இல்லையென்றால் ஒருக்களித்து, கையும் முழங்காலும் ஊன்றி, அசையாத நாற்காலிவரை தவழ்ந்து, பலமான காலை முன்னே வைத்து எழுந்து உட்காருங்கள். தலையில் அடிபட்டிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவராகவும் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருமண வீட்டில் மூலையில் ஒதுங்கி உட்காரும் தாத்தாவை "அவருக்குக் கோபம்" என்பார்கள். பல நேரம் அவருக்குக் காது கேட்பதில்லை, அவ்வளவுதான். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தமும் தனிமையும் அவற்றில் உள்ளன. முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்று கிளினிக்கில் பார்க்கச் சொல்லுங்கள். ஊக்கு, பஞ்சுக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். பிள்ளைகளே, பின்னாலிருந்து கத்தாமல் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகப் பேசுங்கள்.

60 வயது தாண்டியவர்கள், பக்கத்தில் சமூக நல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். பாவே என்று கேட்டால் காட்டுவார்கள். மையம் தொலைவு என்றால் பக்கத்து வீட்டு அக்காவோடு நடக்கும் கோயில்வரை நடையும் நல்லதே. தனியாக நடப்பவர் மழை தூறினாலே நின்றுவிடுவார். வாசலில் ஒருவர் குடையோடு காத்திருந்தால் நம் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

முன்பு எண்ணிய அந்த எண்ணைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் இன்றைய தேதிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். நாலு வாரம் கழித்து, அதே நாற்காலியில் மறுபடி எண்ணுங்கள். நன்றி, வணக்கம்.